ஹோட்டல் வேறு, பார் வேறு: குமரி மாவட்டத்தில் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறவர்களுக்கு

"அண்ணே, தேங்காப்பட்டணம் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஃபேமிலி ரெஸ்டாரன்ட் போடலாம்னு இருக்கேன். சாப்பாடுதான் முக்கியம். கூட பீர் மட்டும் வைக்கிறதுக்கு லைசென்ஸ் எவ்வளவு ஆகும்?"

வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் துபாயிலோ மஸ்கட்டிலோ பெங்களூரிலோ பத்து பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு, சேர்த்த பணத்தோடு ஊருக்குத் திரும்பியவர். அங்கே பார்த்ததை இங்கே செய்ய நினைக்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் ஒரே வரிதான்: அப்படி ஒரு லைசென்ஸ் தமிழ்நாட்டில் கிடையாது. தனியாக நிற்கும் ஒரு உணவகம் பீரோ ஒயினோ பரிமாற அனுமதி வாங்க இங்கே வழியே இல்லை.

நாகர்கோவிலில் நான் சாப்பாட்டுக் கடை வைத்து நிறைய வருஷமாகிறது. முதல் கடை போட்ட சமயத்தில் ஒருவர் வந்து, "ரெஸ்டாரன்ட் பார் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், மேலே ஆள் இருக்கிறது" என்று சொல்லி எண்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். பணம் திரும்பி வரவில்லை. இல்லாத ஒன்றுக்காகப் பணம் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்குப் புரியவே எட்டு மாதம் ஆனது. இன்னொருவருக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ரெஸ்டாரன்ட்டுக்குப் பார் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் மூன்று சொற்கள்

குழப்பம் தொடங்குவதே சொற்களில்தான். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். "ஹோட்டலில் பொரோட்டா வாங்கிட்டு வா" என்போம். தங்கும் இடத்துக்கு லாட்ஜ் என்போம். மது விதிகளில் ஹோட்டல் என்று வந்தால் அது அறைகள் உள்ள, பயணிகள் தங்கும் கட்டடம். "ஹோட்டலுக்கு பார் உரிமம் தரலாம்" என்று எங்கேயோ படித்துவிட்டு, தன் பிரியாணிக் கடைக்கும் அது பொருந்தும் என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது கிளப். நம் தாத்தா காலத்தில் காபி கிளப் என்றால் இட்லிக் கடை. விதிகளில் கிளப் என்பது பதிவு செய்த, உறுப்பினர்கள் உள்ள மன்றம். ஊரில் பலகையில் மனமகிழ் மன்றம் என்று எழுதியிருப்பார்களே, அதுதான்.

மூன்றாவது பார். நம் ஆட்கள் பார் என்று சொல்வது டாஸ்மாக் கடையை ஒட்டி மேசை போட்ட இடத்தை. நட்சத்திர ஹோட்டலுக்குள் இருப்பதும் பார்தான். இரண்டுக்கும் சட்டம் வேறு, உரிமம் வேறு, உள்ளே நடக்கும் வியாபாரமும் வேறு.

இந்த மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறது

நம் மாநிலத்தில் மது வியாபாரத்தை ஆளுகிற சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம். 1937இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படி மது வைத்திருப்பது, விற்பது, கொண்டுபோவது எல்லாமே அடிப்படையில் தடை. எதற்கெல்லாம் உரிமம் இருக்கிறதோ அதெல்லாம் அந்தத் தடையிலிருந்து அரசு தரும் விலக்கு. ஆகவே "என் கடையில் மது கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டுப் பயனில்லை. "கூடும் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று தேட வேண்டும். அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகும்படி அரசுக்குச் சொல்கிறது. மது வியாபாரத்தை யாரும் அடிப்படை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உரிமங்களின் வகைகள் 1981ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளில் இருக்கின்றன. சில்லறைக் கடைகளுக்கும் அவற்றை ஒட்டிய பார்களுக்கும் 2003இல் தனி விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனது. மொத்த விற்பனை 1983இலிருந்தே அதனிடம்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கதை வேறு. அங்கே பீர், ஒயின் பார்லர் என்று தனி உரிமம் உண்டு, கள்ளு ஷாப்பும் உண்டு. பெங்களூரில் தெருவுக்குத் தெரு 'பார் அண்ட் ரெஸ்டாரன்ட்' பலகை தொங்குவதற்குக் காரணம் கர்நாடகத்தில் சி.எல்.9 என்ற வகை உரிமம். மது என்பது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் களியக்காவிளை தாண்டினால் சட்டமே மாறிவிடும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தவர்கள். சாப்பாடும் பேச்சும் இன்றைக்கும் அந்தப் பக்கத்தோடு ஒட்டித்தான் இருக்கின்றன. கலால் சட்டம் மட்டும் முழுக்கச் சென்னைப் பக்கம். இந்த ஒரு வேறுபாடுதான் நம் மாவட்டத்துக் கடைக்காரர்களை அதிகம் சிக்க வைக்கிறது.

முதல் படி: நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

இடம் பார்ப்பதற்கு முன்னால், வாடகை பேசுவதற்கு முன்னால், கீழே சொல்வதில் நீங்கள் எது என்று தீர்மானியுங்கள்.

சாப்பாட்டுக் கடை. சின்ன மெஸ்ஸிலிருந்து இருநூறு பேர் உட்காரும் ஏசி ரெஸ்டாரன்ட் வரை எல்லாம் இதில் அடங்கும். மது கிடையாது. வாடிக்கையாளர் கொண்டுவந்து குடிப்பதும் கிடையாது.

நட்சத்திர ஹோட்டல். தங்கும் அறைகளும், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதியும் உள்ள ஹோட்டல். இதற்கான பார் உரிமத்துக்கு எஃப்.எல்.3 என்று பெயர். அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல்களுக்குத் தனி வகை இருக்கிறது, அது நமக்கு வேண்டாம்.

கிளப். எஃப்.எல்.2. லாப நோக்கமில்லாத, பதிவு செய்த மன்றம். உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினர்களுக்கும் மட்டும். தெருவில் போகிறவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் அது கிளப் இல்லை. ரெஸ்டாரன்ட் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்ததும் சிலர் "மன்றம் ஒன்று பதிவு செய்துவிடலாமே" என்று யோசனை சொல்வார்கள். பெயருக்கு உறுப்பினர் அட்டை அடித்து நடத்தப்படும் மன்றங்களை எதிர்த்து ஊர் மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போவதைப் பார்த்திருக்கிறோம். பெண்கள் திரண்டு வந்து நின்றால் அந்த இடத்தில் வேறு எந்த வியாபாரமும் நடக்காது. குறுக்கு வழியாக இதில் இறங்காதீர்கள்.

டாஸ்மாக்கை ஒட்டிய பார். இது டெண்டரில் எடுப்பது. பலருக்குத் தெரியாத விஷயம்: பார் எடுத்தவர் மது விற்பவர் இல்லை. மது பக்கத்துக் கடையில் அரசு விற்கிறது. பார் எடுத்தவர் விற்பது சுண்டல், ஆம்லெட், தண்ணீர்.  கடை திறந்திருக்கும் நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. அந்த நேரம் தாண்டி பாரில் ஒரு பாட்டில் கைமாறினாலும் அது குற்றம்.

வந்து கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் வகை. அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இடம்

மது இல்லாத கடைக்கு மது விதிகளின் தூரக் கணக்கு பொருந்தாது. கோயில் வாசலிலும் சர்ச் எதிரிலும் தாராளமாக சாப்பாட்டுக் கடை போடலாம். இதைச் சொல்லக் காரணம், "பள்ளிக்கூடம் பக்கம் ரெஸ்டாரன்ட் விடமாட்டார்கள்" என்று ஒருவர் நல்ல இடத்தை விட்டுவிட்டுப் போனார்.

டாஸ்மாக் கடைக்கு உள்ள விதி: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தச் சந்திப்பில் நின்று பார்த்தாலும் ஒரு கோயில் கோபுரமோ ஒரு சர்ச் சிலுவையோ கண்ணில் படும். இங்கே இந்த விதி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலை விதி தனி. 2016 டிசம்பரில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று சொன்னது. வழக்குப் போட்டவர் வழக்கறிஞர் கே. பாலு. 2017 மார்ச் கடைசியில், மக்கள் தொகை 20,000க்கு மேல் போகாத உள்ளாட்சிகளில் அந்தத் தூரம் 220 மீட்டர் என்று குறைக்கப்பட்டது. பார்களுக்கும் ஹோட்டல்களுக்கும் இது பொருந்தும் என்பதும் அப்போதே தெளிவானது. அதே வருஷம் ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் இடங்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கம் வந்தது.

இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வருவது தேசிய நெடுஞ்சாலை 66. ஒரே சாலை, ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று மாறி மாறிப் போகிறது. நட்சத்திர ஹோட்டல் கட்டும் எண்ணம் இருந்தால், மனை வாங்கும் முன் அது எந்த உள்ளாட்சி எல்லையில் விழுகிறது என்று வரைபடத்தில் பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விதி மாறலாம்.

கடற்கரை மனைக்கு இன்னொன்று. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். முட்டத்திலோ சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ கடல் தெரிகிற மாதிரி கட்ட நினைத்தால், அஸ்திவாரம் தோண்டும் முன் அந்த மண்டல விதிகளின்படி அனுமதி வேண்டும். இதற்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடலைப் பார்த்த ரெஸ்டாரன்ட் என்று கனவோடு வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான்.

மூன்றாம் படி: சாப்பாட்டுக் கடையின் காகிதங்கள்

இது கொஞ்சம் வறண்ட பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றுமுதலைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ வாங்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்து அடுப்படி, தண்ணீர், ஈ எலி வராத ஏற்பாடு எல்லாம் பார்ப்பார்கள். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று கையில் இருக்கட்டும். உள்ளாட்சியிடம் தொழில் உரிமம், கட்டட அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு. உணவகத் தொழிலாளர்களுக்கென்று 1958இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறையில் அதன்படி பதிவு செய்ய வேண்டும். பெயர்ப் பலகையில் தமிழ் முதலாவதாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

அந்தப் பலகையில் பார் என்ற சொல் வேண்டாம் என்பது என் கருத்து. ஜூஸ் பார், மாக்டெயில் பார் என்று வைப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தச் சொல்லைப் பார்த்து உள்ளே வருகிறவர் ஜூஸ் குடிக்க வருவதில்லை.

நான்காம் படி: கொண்டுவருகிறவரை என்ன செய்வது

மற்ற படிகளெல்லாம் ஒரு தடவை செய்து முடிப்பவை. இது தினசரி வேலை.

நாலு பேர் வருவார்கள். ஒருவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று இருக்கும். சிக்கன் அறுபத்தைந்து, மரச்சீனி, மீன்கறி என்று நிறைய ஆர்டர் சொல்வார்கள். கடைசியில் மெதுவாக, "தம்பி, ரெண்டு சோடா, நாலு காலி டம்ளர்." அவர்களைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமில்லை. உங்களுக்கு அது கடையின் உயிர். உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க இடம் கொடுத்தால், குடித்தவரோடு இடம் கொடுத்தவரும் குற்றவாளி. "நான் விற்கவில்லை, டம்ளர்தான் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன்பு கண்டும் காணாமல் விட்டார்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்தை வைத்து இன்றைக்குக் கடை நடத்த வேண்டாம்.

என் கடையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. சொல்ல வேண்டியதை ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு சொன்னால் சண்டைதான். பரிமாறும் பையன் சொல்லக் கூடாது. கல்லாவில் இருப்பவர் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவர் கேட்டால் "அண்ணாச்சி, இங்க வசதி கிடையாது, பாட்டிலை வண்டியில வச்சிட்டு வந்திருங்க, சூடா சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும், பெரும்பாலும் வைத்துவிட்டு வருவார்கள். கேரளத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே தெரியாது. அவர்கள் ஊரில் பீர் பார்லரில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள். "சேட்டா, இவிடெ பற்றில்லா" (அண்ணே, இங்கே முடியாது) என்று ஒரு வாக்கியம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள்.

ஃபேமிலி ரூம் என்று தடுப்பு வைத்தால் கதவும் தாழ்ப்பாளும் வேண்டாம். அரைத் தடுப்பு போதும். உங்கள் வண்டி நிறுத்துமிடமும் உங்கள் இடம்தான். காருக்குள் உட்கார்ந்து குடிப்பவருக்கு உங்கள் பையன் ஆம்லெட் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தக் காரும் உங்கள் மேசை மாதிரிதான். மாடி ஹாலை பிறந்தநாளுக்குக் கேட்பவர் "நாங்களே கொண்டு வந்திருவோம், நீங்க ஐஸ் மட்டும் குடுங்க" என்பார். அதற்கும் இதே பதில்தான்.

கடைப் பையனை டாஸ்மாக்குக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்வது எல்லாவற்றிலும் மோசம். அந்தப் பையனுக்குப் பத்து இருபது ரூபாய் கிடைக்கும், வழக்கு வந்தால் அவன் பெயரும் வரும். அவனுக்கு 21 வயது ஆகவில்லை என்றால் அவனுக்கு விற்பதே குற்றம். வேலைக்குச் சேரும் நாளிலேயே அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அவன் அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சில கண்ணிகள்

கேரள பாட்டில். பாறசாலையில் வாங்கிக் களியக்காவிளை வழியாகக் கொண்டுவருவது சில கிலோமீட்டர் பயணமாக இருக்கலாம். சட்டப்படி அது வெளிமாநில மதுவைக் கடத்துவது. உங்கள் கடை ஃபிரிட்ஜில் அப்படி ஒரு பாட்டில், சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போனதாகவே இருந்தாலும், உங்களுக்குத்தான் சிக்கல்.

மிலிட்டரி பாட்டில். நம் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. கேன்டீனில் அவர்களுக்குக் கிடைப்பது அவர்கள் சொந்த உபயோகத்துக்கு. அதைக் கடைக்கு வாங்கிப் பரிமாறினால் உங்களோடு சேர்த்து அவரும் மாட்டுவார், அவருடைய கேன்டீன் அட்டையும் போகும்.

கள்ளும் அக்கானியும். மரச்சீனி, மீன்கறி என்று மெனு போட்டதும், "கூட கள்ளு இருந்தா கேரளா ஷாப் மாதிரியே இருக்குமே" என்று ஒரு ஆசை வரும். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் தடை. நமக்கு இருப்பது அக்கானி, அதாவது பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர் இனிக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். அக்கானி விற்க ஆசைப்பட்டால் காலையில் வந்ததை அன்று காலையிலேயே விற்று முடியுங்கள். தெரிந்த பனையேறியிடம் நேரடியாக வாங்குங்கள், மிச்சம் இருந்தால் காய்ச்சிவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு வரும் பயணிகளுக்கு நாம் பெருமையாகக் கொடுக்கக்கூடிய பானம் இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். பனையேறிக்கும் நாலு காசு கிடைக்கும்.

கிறிஸ்துமஸ் ஒயின். டிசம்பர் வந்தால் வீடுகளில் திராட்சையைப் பரணியில் ஊறவைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா நன்றாகப் போடுகிறார் என்பதற்காக அதை வாங்கி உங்கள் பேக்கரியில் கேக்கோடு சேர்த்து விற்காதீர்கள். புளித்த திராட்சைச் சாறு சட்டத்தின் கண்ணில் மதுதான். திருப்பலிக்கான ஒயினுக்கு சர்ச்சுகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது, அது கடைக்குப் பொருந்தாது.

கல்யாண மண்டப சாப்பாடு. கேட்டரிங் எடுப்பவர்களுக்கு இது. 2023 ஏப்ரலில் மாநாட்டு அரங்கு, விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் நிகழ்ச்சிக்கு மட்டும் மது பரிமாற எஃப்.எல்.12 என்று ஒரு சிறப்பு உரிமம் வந்தது. முதலில் அதில் திருமண மண்டபமும் இருந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் முதலில் வந்த செய்தி மட்டும் பலர் மனதில் தங்கிவிட்டது. "இப்போ மண்டபத்துல பெர்மிஷன் உண்டே" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: உண்மையிலேயே பார் வேண்டும் என்றால்

அப்படியானால் தங்கும் விடுதியாகத் திட்டமிடுங்கள். கன்னியாகுமரிக்கு விடிகாலை சூரியனைப் பார்க்க வருகிறவர்கள் முந்தின இரவே வந்து தங்குகிறார்கள், அதனால் அறை வியாபாரம் தனியாகவே நிற்கும். அந்தக் கணக்கில் இறங்குங்கள். பார் கிடைக்காவிட்டாலும் ஹோட்டல் ஓடுமா என்று பார்த்து, ஓடும் என்றால் மட்டும் கட்டுங்கள்.

நட்சத்திரத் தகுதிக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது பத்து வாடகை அறைகள் இருக்க வேண்டும். குழு நேரில் வந்து பார்க்கும். தகுதி ஐந்து வருஷத்துக்கு. நான்கு, ஐந்து நட்சத்திரங்களில் மது பரிமாறும் ஹோட்டல், பரிமாறாத ஹோட்டல் என்று இரண்டு விதம் உண்டு, எது என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். மது இல்லாமலும் ஐந்து நட்சத்திரம் வாங்கலாம் என்பதைப் பலர் நம்புவதில்லை.

நட்சத்திரம் கிடைத்துவிட்டால் பாரும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். எஃப்.எல்.3 தருவது மாநில அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மாவட்ட அளவில் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் இதற்கென்று கலால் உதவி ஆணையர் இருக்கிறார். எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், என்னென்ன வரைபடம் என்று அங்கேயே நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் யார் சொன்ன தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அன்றைய அரசாணையைக் கேளுங்கள். பணம் அரசுக் கணக்கில் செலுத்திய ரசீதாகத்தான் கைக்கு வர வேண்டும். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கும் கட்டணம் எதுவும் இதில் இல்லை.

உரிமம் கிடைத்த பிறகு, மது வாங்குவது டாஸ்மாக்கிடம் மட்டும். வரைபடத்தில் காட்டிய இடத்தில் மட்டும் பரிமாற வேண்டும். பார்சல் கிடையாது. புல்வெளியில் நாலு மேசை சேர்த்துப் போட ஆசைப்பட்டால் அந்தப் புல்வெளி வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 21 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் அடையாள அட்டை கேளுங்கள். கேரளாவில் இந்த வயது 23. அங்கிருந்து வரும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டே எல்லை தாண்டி வருவார்கள்.

பில் இரண்டு விதமாகப் போகும். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது, அதற்கு மாநிலத்தின் மதிப்புக்கூட்டு வரி. ஒரே பில்லில் எல்லாவற்றையும் கலந்து ஒரே வரி போட்டுவிட்டால் வருஷக் கடைசியில் கணக்கர் தலையில் கை வைப்பார். முதல் நாளிலிருந்தே தனித்தனிப் புத்தகம் வையுங்கள். உரிமம் மார்ச் 31 வரைதான், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஜனவரியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

மூடும் நாட்கள் எட்டு: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மீலாது நபி. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் சேரும். கன்னியாகுமரிக் கடலில் பாறை மேல் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பொங்கல் விடுமுறையில், அதுவும் திருவள்ளுவர் தினத்தன்று, கன்னியாகுமரியில் அறை கிடைக்காத அளவு கூட்டம் இருக்கும். அன்று பார் மூடியிருக்கும் என்பதை முன்பதிவு செய்யும்போதே விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளைகள்தான் திட்டு வாங்குவார்கள்.

ரெஸ்டாரன்ட் போடுகிறவருக்கு இந்த ஐந்தாம் படி வேண்டாம். அவர் செய்ய வேண்டியது வாசலில் ஒரு பலகை மாட்டுவது. எங்கள் கடையில் இருப்பது இதுதான், விருப்பமிருந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

"இது சாப்பாட்டுக் கடை. இங்கே மது பரிமாறுவதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து அருந்தவும் அனுமதி இல்லை. குடும்பத்தோடு வாருங்கள். காலை பதினொரு மணி வரை அக்கானி கிடைக்கும்."